பதினேழாம் குழாய்

நாகலூர் தாண்டி ஒரு சில்வர் ஓக் வரிசை.
அதற்கு மேலே அண்ணன், கீழே தம்பி.
பாகம் பிரித்துப் பதினொரு வருஷம்,
வாய்தா மட்டும் இன்னும் கூட்டுக்குடும்பம்.

இந்த வருஷம் காய்த்துளைப்பான்.
எள்ளில் பாதி. கறுப்பு.
காபிப் பழத்தின் தொப்புளில்
குண்டூசி முனையளவு ஓட்டை.
'அவன் தோட்டத்துப் பூச்சி' என்று
இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.
அண்ணன் தணிகாசலம் பணம் கட்டினார்,
'எழுத்தில் கொடுங்கள்' என்றார்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி
அஸ்தம்பட்டிக்கு வந்தன
சாராயத்தில் மிதந்த இருபத்துநாலு பூச்சிகள்.
மேஸ்திரி தெரேசம்மாள் ஒவ்வொரு சீசாவிலும்
பென்சிலால் எழுதியிருந்தாள்.
பேனா எழுத்தைச் சாராயம் குடித்துவிடும் என்று
அவளுக்கு யார் சொன்னார்களோ.
மேல்காடு. கீழ்காடு. ஓடையோரம்.
பதினேழில் மட்டும்: சாக்கு.

ஒரு பூச்சிக்கு ஒரு சொட்டு.
எட்டுக் கேள்வியை எட்டு முறை கேட்க
அதனிடம் உடம்பு இல்லை.
எட்டு ஜோடி பிரைமரையும் ஒரே குழாயில் விட்டேன்,
நீலம் பச்சை மஞ்சள் சிவப்பு என்று சாயம் ஏற்றி,
ஒரே நிறத்தவை
நீளத்தில் முட்டிக்கொள்ளாதபடி.
லீ பஜாரில் எட்டுப் பேர் ஒன்றாய் விலை கூவ
எட்டையும் தனித்தனியே கேட்கிற காது,
அதைப் பழக்கத்தான் மூன்று மாதம் போனது.
ஆறாவது ஜோடி கடைசிவரை வாய் திறக்கவில்லை.
ஏழு என்று எழுதிக்கொண்டேன்.

தொண்ணூற்று நாலு. ஐம்பத்தேழு. எழுபத்திரண்டு.
பிரி, ஒட்டு, வளர்.
முப்பத்தைந்து சுற்று.
இருபத்தொன்பதாவதில் கரண்ட் போய்
இன்வெர்ட்டர் ஒரு கணம் யோசித்துப் பிடித்தது.

நான் தேடியது பெரிய சேதி அல்ல.
சி ஏ சி ஏ சி ஏ என்று
மரபு திக்குகிற இடங்கள்.
ஒன்று பதினாலு தரம் திக்கும்,
ஒன்று பதினெட்டு.
அந்த நாலு தரம்தான் விலாசம்.

திரையில் சிகரங்கள் எழுந்தன.
மேல்காடு நூற்றெழுபத்தெட்டு.
கீழ்காடு நூற்றெழுபத்தெட்டு.
ஓடையோரம், அதே.
தாய் தந்தது ஒன்று தகப்பன் தந்தது ஒன்று என
இரண்டு நிற்கக்கூடிய இடத்தில்
ஒற்றைச் சிகரம், மறுபடி ஒற்றைச் சிகரம்.
பழத்துக்குள்ளேயே பிறந்து
பறக்கத் தெரியாத அண்ணனையே கட்டிக்கொண்டு
சூலோடு வெளியே வருகிறவள்.
அவளிடம் போய் முறை கேட்டால் என்ன சொல்வாள்?
வரப்பு இருப்பது பத்திரத்தில்.

பதினேழு மட்டும் வேறு.
நீலத்தில் நூற்றெண்பத்தாறு.
பச்சையிலும் தள்ளித்தான் நின்றது.

போன் செய்தேன். சாக்கு என்றால்?
'பெரியவரு குடோன் சாக்குங்க.
போன தையில லாரியில வந்துச்சு, கட்டுக்கட்டா, பழசு.
எந்த ஊருன்னு யாரு கேட்டா.'
பின்னால் பம்புசெட் ஓடியது.
'எதுக்கும் ஒண்ணப் புடிச்சு வெச்சேன்.'

இன்னொரு தரம் ஓட்ட ஃப்ரீசரைத் திறந்தேன்.
பதினேழில் மிச்சமில்லை.
கேள்வி கேட்டே பூச்சி முழுதும் செலவாகிவிட்டது.
ஒரே தரம் வந்த சிகரம் சாட்சியா
என் கையுறை அழுக்கா,
இரண்டாம் தரம் வந்தால்தானே தெரியும்.

வியாழக்கிழமை வந்தார், வக்கீலோடு.
'தம்பி பூச்சிதானே?'
இருபத்துமூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றேன்.
'அந்தப் பதினேழு?'
ஒரே மாதிரி, ஒரே ஓட்டம், உங்கள் சாக்கு.
உண்மையென்றால் அது இன்னும் காட்டுக்குள் நுழையவில்லை,
உங்கள் வாசலில் நிற்கிறது.
வக்கீல் பேனாவைத் திருகி மூடினார்.

அவர்கள் போனதும் சீசாவைக் கழுவினேன்.
சாராயம் போயிற்று.
பென்சில் போகவில்லை.